இன்னே வருகுவர்: முடிவு தெரிந்த கிறிஸ்துமஸ் காதல் படங்கள் பற்றி

கொடுங்கையூரில் வசிக்கும், காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டது இது: "டிசம்பர் வந்தால் எங்கள் அம்மா அந்த வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் காதல் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறார். முதல் பத்து நிமிடத்திலேயே யாருக்கு யார் என்று தெரிந்துவிடுகிறது. முத்தம்கூடக் கடைசி நிமிடத்தில்தான். எல்லாம் தெரிந்த பிறகும் பார்க்க என்ன இருக்கிறது டீச்சர்? ரசனை குறைந்தவர்களுக்காக எடுக்கும் படங்களா இவை?"

அம்மாவைப் புரிந்துகொள்ள விரும்பும் பிள்ளையின் கேள்வி என்பதால் நீளமாகவே பதில் எழுதுகிறேன். நான் 29 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள். அதற்கு முன்பு, கல்லூரியில் படித்த காலத்தில், பெரம்பூரில் என் அப்பா வைத்திருந்த வீடியோ லைப்ரரியில் மாலை நேரங்களில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தப் படங்களை விரும்பிப் பார்க்கவும் செய்கிறேன்.

எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெருநகரத்தில் பெரிய வேலையில் இருக்கும் பெண் ஒருத்தி, டிசம்பரில் ஏதோ ஒரு காரணத்தால் தன் சொந்தச் சிற்றூருக்குத் திரும்புகிறாள். அங்கே கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவன், கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து விற்பவனாகவோ, ரொட்டிக் கடைக்காரனாகவோ, மனைவியை இழந்து சிறு மகளோடு வாழ்பவனாகவோ இருக்கிறான். மூடப்போகும் ஒரு விடுதியையோ நின்றுபோகவிருக்கும் ஊர்த் திருவிழாவையோ இருவரும் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். முக்கால் படம் ஓடியதும் ஒரு மனக்கசப்பு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் பனி விழுகிறது, அவன் வருகிறான், சுபம்.

இதை ஒரு தொழிலாகவே வளர்த்தது அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி. 2009 முதல் 'கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்' என்ற பெயரில் ஒளிபரப்புகிறார்கள். இப்போதெல்லாம் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் ஒரு பருவத்துக்குப் புதிய படங்கள் மட்டுமே நாற்பதை ஒட்டி வந்திருக்கின்றன. பல படங்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பெரும்பாலும் வெயில் காலத்தில், இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்து முடிக்கப்படுபவை. நடிகர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே குளிரில் நடுங்குவதாக நடிக்க வேண்டும். தரையில் கிடக்கும் பனி என்பது நுரையும் பொடித்த பனிக்கட்டியும் பஞ்சு விரிப்பும்தான். இரண்டு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக ஏறத்தாழ 85 நிமிடம் படம் ஓடும். அதை விளம்பர இடைவேளைகளுக்கு ஏற்ப ஒன்பது பகுதிகளாக வகுத்து எழுதுவது வழக்கம். இடையில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருபவருக்கும் கதை கைவிட்டுப் போகாதபடி அமைந்த எழுத்து அது. அடுப்பைப் பார்த்துவிட்டு வருபவரை மனத்தில் வைத்து எழுதுவதை நான் குறையாக நினைக்கவில்லை.

அந்த நிறுவனத்தின் வேரைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற 18 வயது இளைஞர் கன்சாஸ் சிட்டியில் அஞ்சலட்டை விற்கத் தொடங்கியதுதான் பின்னாளில் ஹால்மார்க் என்ற வாழ்த்து அட்டை நிறுவனமாக வளர்ந்தது. தொலைக்காட்சி அதன் கிளை. வாழ்த்து அட்டை என்றால் என்ன என்று உங்கள் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் அப்பா என்னைப் பாரிமுனைக்கு அழைத்துப்போவார். காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் நெருக்கியடிக்கும் ஆண்டர்சன் தெருவில் கிறிஸ்துமஸுக்கு இரண்டு டஜன், பொங்கலுக்கு இரண்டு டஜன் என்று அட்டைகளை எண்ணி வாங்குவோம். கிறிஸ்துமஸ் அட்டையில் மாட்டுக் கொட்டில், நட்சத்திரம்; பொங்கல் அட்டையில் பானை, கரும்பு, சூரியன். அச்சடித்திருக்கும் வாசகம் ஆண்டுதோறும் ஒன்றேதான். ஆனாலும் ஓர் ஆண்டு அரக்கோணத்து மாமாவிடமிருந்து அட்டை வரவில்லை என்றால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. என்ன ஆயிற்றோ, யாருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலுக்குப் போவார். அந்த அட்டையில் அவர் தேடியது புதிய சேதியை அல்ல. நம்மை மறக்கவில்லை என்பது போன ஆண்டைப் போலவே இந்த ஆண்டும் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அட்டைக் கடையில் பிறந்த இந்தப் படங்களிடமும் அவற்றைப் பார்ப்பவர்கள் இதையே எதிர்பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு 79 வயது. ஆங்கிலம் தெரியாது. போன டிசம்பரில், பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பு, கல்கல்ஸ் செய்ய உட்கார்ந்தோம். ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த பலகாரம் அது. மைதாவில் முட்டையும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, இதற்கென்றே வாங்கி வைத்த புதுச் சீப்பின் பற்கள்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுக்க வேண்டும். மாவு வரிவரியாய்ச் சுருண்டு சிப்பி போல வந்து விழும். இரண்டு கிலோ மாவு என்றால் மாலை முழுவதும் வேலை. அதற்குத் துணையாக இந்த வகைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டிருந்தேன். பத்துச் சுருளுக்கு ஒருமுறை அம்மா தலை நிமிர்ந்து பார்ப்பார்.

"இவன்தானே?"

"ஆமாம்மா."

"அப்போ அந்தக் கோட்டு போட்டவன்?"

"அவன் போய்டுவான்."

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சீப்பைப் பார்ப்பார். யார், என்ன என்பதெல்லாம் இவ்வளவில் முடிந்துவிட்டது. பிறகு அந்த மனக்கசப்பு வந்தது. அவள் ஏதோ கேட்கிறாள். அவனிடம் நல்ல பதில் இருக்கிறது, நமக்கும் அது தெரியும். ஆனால் அவன் சொல்லாமல் நிற்கிறான். அம்மாவின் கட்டைவிரல் மாவின்மேல் அப்படியே நின்றது. "இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் வாய மூடிக்கினு நிக்கறான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பாவும் இப்டித்தான்" என்றார். அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பற்றி அம்மா அப்படி ஒரு சொல் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

முடிவு தெரியாத படமாக இருந்தால் அம்மா அந்த நேரத்தில் கதையைத் துரத்திக்கொண்டிருந்திருப்பார். கொலைகாரன் யார், வெடிகுண்டு எங்கே என்று மனம் முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கும். என்ன ஆகும் என்ற பதற்றம் இல்லாததால்தான் அந்த மௌனத்தின் பக்கத்தில் அவரால் உட்கார முடிந்தது. எப்படியும் அவன் பேசத்தான் போகிறான் என்ற உறுதி இருந்ததால்தான், பேசாத ஒருவரை நினைத்துக்கொள்ளவும் துணிந்தார் என்று நினைக்கிறேன்.

முடிவு தெரிந்த காதல் கதை நமக்குப் புதிய சரக்கு அன்று. தமிழாசிரியர் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். "காரும் மாலையும் முல்லை" என்கிறது தொல்காப்பியம். மழைக்காலமும் மாலைப் பொழுதும் முல்லைத் திணைக்கு உரியவை. ஆற்றி இருத்தல், அதாவது பிரிவைத் தாங்கிக் காத்திருத்தல், அதன் உரிப்பொருள். கார்காலம் தொடங்குமுன் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போர்மேல் சென்ற தலைவனுக்காகத் தலைவி காத்திருக்கிறாள். குறித்த பருவம் வந்துவிட்டது, மழையும் பெய்துவிட்டது, அவன் இன்னும் வரவில்லை. ஊர் திரும்புவதும் காத்திருப்பதும் குளிர்ந்த பருவமும் மாலை விளக்குகளுமாக அமைந்த அந்தக் கிறிஸ்துமஸ் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முல்லைத் திணைதான் நினைவுக்கு வருகிறது.

பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. மொத்தம் 103 அடிகள். மழை பெய்து ஓய்ந்த மாலையில், தலைவியின் வீட்டு முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கைதொழுது, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். அதாவது, தற்செயலாகக் காதில் விழும் நல்ல சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். அப்போது ஓர் இடைப்பெண், குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு, சிறு கயிற்றில் கட்டப்பட்டுத் தவிக்கும் இளங்கன்றைத் தேற்றுகிறாள்: "இன்னே வருகுவர் தாயர்." உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்கிறாள். கன்றுக்குச் சொன்ன சொல் தலைவிக்கும் பொருந்திவிடுகிறது. நல்ல சொல் கேட்டோம், உன் தலைவன் வருவது உறுதி என்று பெண்டிர் வந்து சொல்கிறார்கள்.

கன்றைத் தேற்றும் அந்தச் சொல் வருவது 16ஆம் அடியில். முடிவைப் புலவர் அங்கேயே கையில் கொடுத்துவிடுகிறார். மீதமிருக்கும் எண்பத்துச் சொச்சம் அடிகளில் என்ன இருக்கிறது? பாசறையின் அமைப்பு இருக்கிறது. அடிபட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் நினைத்து உறக்கம் வராத அரசன், அதாவது அந்தத் தலைவன், இருக்கிறான். கழன்ற வளையைத் திருத்திக்கொண்டு, எழுநிலை மாடத்தில் பாவை விளக்கின் ஒளியில் கிடந்து, கூரை விளிம்பிலிருந்து அருவி போலக் கொட்டும் மழையோசையைக் கேட்டிருக்கும் தலைவி இருக்கிறாள். கடைசியில் கொம்பும் சங்கும் ஒலிக்க, தேர்க்குதிரைகள் விரைந்து வரும் ஓசையோடு பாட்டு நின்றுவிடுகிறது. இருவரும் சந்திப்பதைக்கூடப் புலவர் காட்டவில்லை. நம் கேள்விக்காரர் முத்தம் கடைசி நிமிடத்தில்தான் என்கிறார். முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனார் அந்தக் கடைசி நிமிடத்தையும் நமக்கே விட்டுவிட்டார். பாட்டு முழுவதும் இருத்தலின் பாட்டு. வருவான் என்பது உறுதியானால்தான் இருத்தலை இவ்வளவு நிதானமாகப் பார்க்க முடியும்.

அந்தத் தலைவிக்குப் பெயர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்பது அகப்பாடலுக்குத் தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் சொன்னால் அது ஒருத்தியின் கதையாகிவிடும். சொல்லாதபோது கேட்கிற ஒவ்வொருத்தியும் அதற்குள் போய் அமரலாம். நான் பார்த்த கிறிஸ்துமஸ் படங்களின் நாயகிகள் ஒருத்தியின் பெயரும் எனக்கு நினைவில்லை. அந்த வகைக்கு அது இயல்பு என்று எடுத்துக்கொள்கிறேன். முல்லைப்பாட்டின் சொல்லழகு இந்தப் படங்களில் இருப்பதாக நான் சொல்லவில்லை, இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கதை சொல்வதில் இரண்டும் ஒரே அடித்தளத்தின்மேல் நிற்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

நம் தெருக்களிலேயே இதற்குச் சான்று உண்டு. மார்கழியில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முப்பது நாளுக்கு முப்பது பாட்டாக ஒலிக்கிறது. போன ஆண்டே கேட்டுவிட்டோமே என்று யாரும் சொல்வதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் கூத்தின் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனவர் உண்டா? ஆய்வுச் சான்று வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வாசகர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள், சொல்லாமல் படித்தவர்களைவிட அந்தக் கதைகளை அதிகம் ரசித்ததாகத் தெரிந்தது. துப்பறியும் கதைகளிலும் அப்படியே. நம் பாட்டிமார்களுக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

அடுத்து, குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒழுக்கம் பற்றிய சொல் என்று இதை எல்லோரும் நினைக்கிறார்கள். அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது வீட்டின் அளவு பற்றிய சொல். கேசட்டைக் கையில் எடுத்ததும் வருபவர்கள் முதலில் கேட்பது, "குடும்பத்தோட பாக்கலாமா பாப்பா?" என்பதுதான். கேட்பவரின் வீடு பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாக இருக்கும். அதற்குள் தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், புதிதாக வந்த மருமகள் என எல்லோரும் ஒரே டிவிக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒரு கேசட்டுக்கு ஓர் இரவுதான் வாடகை. நடுவில் ஏடாகூடமான காட்சி வந்துவிட்டால் தாத்தா தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து வெளியே போவார், மருமகள் தலையைக் குனிந்துகொள்வாள், அப்பா எழுந்து டிவியை அணைப்பார், பிள்ளைகளுக்கு அழுகை. கொடுத்த காசும் போயிற்று, அந்த ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று.

அதனால் அப்பா ஒரு வேலை செய்து வைத்திருந்தார். கடைக் கணக்கு நோட்டில், யாரும் எழுந்து போக வேண்டியிராத படங்களுக்கு எதிரே பென்சிலால் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார். டிசம்பரில் முதலில் காலியாவது நட்சத்திரம் போட்ட கேசட்டுகள்தான். ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் படங்களுக்கு நவம்பரிலேயே சொல்லி வைப்பார்கள். யாருடைய கையும் பதறாமல் எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து எழும் இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது, ஆளுக்கொரு கைபேசியும் ஆளுக்கொரு காதொலிப்பானும் வந்துவிட்ட இந்தக் காலத்தில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு இடம் இல்லாமல் சேர்ந்து பார்த்தோம். இன்றைக்குச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்துதான் உட்கார வேண்டியிருக்கிறது. அப்போது எட்டு வயதுப் பேத்திக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒருசேரப் பொருந்தும் படங்கள் மிகச் சிலவே.

இதில் வடசென்னைக்காரர்களுக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. அதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் நினைக்க மாட்டார்கள். உலகத்துக்கு டிசம்பர் பண்டிகை மாதம். எங்களுக்கு அது வானத்தை அண்ணாந்து பார்க்கும் மாதமும்கூட. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில், கடல் காசிமேட்டுக்குள் வந்தது. 2015 டிசம்பர் முதல் நாட்களில் நகரமே வெள்ளத்தில் நின்றது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் எங்கள் தெரு மரங்களை வேரோடு சாய்த்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் வந்தபோது வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கொடுங்கையூரிலும் மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியவில்லை. எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கலந்து மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. இதைப் படிக்கும் மாணவர் அந்தத் தண்ணீரில் நடந்திருப்பார், அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த டிசம்பரில் எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள் இரவுதான் கரண்ட் வந்தது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்து, ஃபிரிட்ஜில் அழுகியதையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது, கட்டில்மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த அம்மா, "அந்தப் பனி கொட்ற படம் ஏதாவது போடு" என்றார். இந்தப் படங்களிலும் வானிலை கெடும். பனிப்புயலில் சாலை அடைபடும், விமானம் ரத்தாகும். ஆனால் மாட்டிக்கொண்டவர்களுக்கு யாராவது கதவைத் திறப்பார்கள், சூடாகக் குடிக்கக் கொடுப்பார்கள், விடிந்தால் வழி திறந்திருக்கும். எங்கள் தெருவிலும் கதவைத் திறந்தவர்கள் உண்டு. எதிர்வீட்டு மாடியில் இருந்த முஸ்லிம் அக்கா மூன்று நாளும் எங்களுக்குச் சோறு போட்டார். வழிதான் அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. அன்றிரவு அம்மா படத்தை முழுவதும் பார்க்கவில்லை, பாதியில் தூங்கிவிட்டார். மூன்று இரவுகளுக்குப் பிறகு அவர் தூங்கியது அப்போதுதான். முடிவு தெரியாத படமாக இருந்திருந்தால் தூங்கியிருக்க முடியாது.

2017 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், தான் அப்போது வெளியிட்டிருந்த ஓர் இளவரசன் காதல் கதையை 18 நாளாகத் தினமும் 53 பேர் பார்த்துவருவதாகப் பொதுவெளியில் சொல்லி, உங்களை யார் நோகடித்தது என்று அவர்களைக் கேட்டது. விளையாட்டாகத்தான் கேட்டார்கள். பார்வையாளர்களை வேவு பார்ப்பதா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வியே வருத்தமாக இருந்தது. நொந்துபோனவர்கள்தான் பார்க்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நொந்துபோன ஒருவர் ஒவ்வொரு நாளும் 90 நிமிடம் ஆறுதலாக உட்கார ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றால் அதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? ஜெபமாலை உருட்டும் பாட்டியிடம் அதே மந்திரத்தை ஏன் 53 முறை சொல்கிறாய் என்று நாம் கேட்பதில்லையே.

குறைகள் இருக்கின்றன, அவற்றை மறைத்து இந்தப் படங்களைப் புகழ எனக்கு விருப்பம் இல்லை. நெடுங்காலம் இந்தச் சிற்றூர்களில் நாயகனும் நாயகியும் வெள்ளைக்காரர்களாக மட்டுமே இருந்தார்கள். கறுப்பினத்தவர் நாயகியின் தோழியாக வந்து நல்வாக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். குடும்பம் என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதிலும் சிக்கல் இருந்தது. 2019 டிசம்பரில் இரு பெண்கள் மணம் செய்துகொள்ளும் விளம்பரம் ஒன்றை ஹால்மார்க் தொலைக்காட்சி எதிர்ப்புக்குப் பயந்து நிறுத்தியது. கண்டனம் கிளம்பியதும் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு, ஆண் இணையர் ஒரு முக்கியக் கதையாக வரும் கிறிஸ்துமஸ் படத்தை அதே தொலைக்காட்சி ஒளிபரப்பியது. எல்லோரும் உட்காரும் திண்ணை என்று சொன்னால் அதில் எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும்; இந்த விஷயத்தில் அவர்கள் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறார்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் உறுத்துவது வேறு. பெரிய வேலையில் இருக்கும் பெண், படம் முடியும்போது வேலையை விட்டுவிட்டு ரொட்டிக் கடையில் மாவு பிசைவதுதான் மகிழ்ச்சி என்று சில படங்கள் காட்டுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ பெண்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். வீட்டில் சண்டை போட்டு அம்பத்தூருக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போகும் அவர்களிடம் இதை இனிப்பு என்று நீட்ட எனக்கு மனம் வராது. அண்மையில் பார்த்த சில படங்களில் அவள் வேலையையும் விடாமல், அவனையும் விடாமல் ஒரு வழி காண்கிறாள். அப்படிப்பட்டவற்றை நான் தேடிப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயர் கிறிஸ்துமஸ் படம் என்றாலும் இவற்றில் கிறிஸ்து பெரும்பாலும் இல்லை. மரம் உண்டு, கேக் உண்டு, விளக்கு உண்டு; குடிலும் நள்ளிரவுத் திருப்பலியும் அரிது. பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்தில் குளிர்ந்த தரையில் மண்டியிட்டு வளர்ந்த எனக்கு அது முதலில் வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு கவனித்தேன்: எதிர்வீட்டு அக்காவும் பக்கத்து வீட்டு ஐயப்ப பக்தர் குடும்பமும் எங்களோடு உட்கார்ந்து இந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டும், ரம்ஜானுக்கு பிரியாணியும் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. எங்கள் கல்கல்ஸ் தட்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறது. படங்களும் அந்தத் தட்டில் வைத்துத் தரக்கூடியவையாக இருக்கின்றன. பூசைக்கு வேறு இடம் இருக்கிறது.

ரசனை குறைந்தவர்களுக்கான படங்களா என்று கேட்டீர்கள். காட்சித் தொடர்பியல் படிக்கும் நீங்கள் அடுத்த முறை கதையை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். முத்தத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்துவிட்டதால் மீதிப் படம் முழுவதையும் இயக்குநர் கைகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்: மரத்தில் நட்சத்திரம் கட்டும்போது ஏணியைப் பிடிக்கும் கை, மாவு ஒட்டிய கன்னத்தைத் துடைக்கத் தயங்கும் கை, கையுறையைக் கழற்றிக் கொடுக்கும் கை. நல்ல படத்தில் அந்தத் தயக்கம் உயிரோடு இருக்கும். மட்டமான படத்தில் இரண்டு பேரும் வசனத்தை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். ஒரே கதையில் நாற்பது படம் பார்த்த உங்கள் அம்மாவுக்கு இந்த வேறுபாடு நிச்சயம் தெரிந்திருக்கும். எது நல்லது, எது சுமார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கேட்பதற்குப் படம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் பூண்டு உரித்துக்கொண்டோ புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டோ பார்ப்பவராக இருந்தால், அந்த வேலையில் பாதியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முக்கால் படம் ஓடியதும் அந்த மனக்கசப்பு வரும். அப்போது திரையை விட்டுவிட்டு அம்மா என்ன சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.